மின்மாற்றியின் உண்மை விலை: சென்னையின் மின்கட்டமைப்பும் டெண்டர் கணக்கும்

ஒவ்வொரு கோடையிலும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கில் புதிய மின்மாற்றிகள் வாங்கப்படுகின்றன என்பது முதல் செய்தி. புதிய மின்மாற்றி வைத்த தெருவிலேயே இரவில் குறைந்த மின்னழுத்தம், மின்தடை என்பது இரண்டாவது. இவற்றுக்கு நடுவில் கொள்முதல் விலை பற்றிய சர்ச்சையும் வந்துவிடுவதால், எது தொழில்நுட்பச் சிக்கல், எது பணச் சிக்கல் என்று பிரித்தறிவது வாசகருக்குக் கடினமாகிறது. இந்தக் கட்டுரை மின்மாற்றி செய்யும் வேலையிலிருந்து தொடங்கி, அதை வாங்கும் முறைக்கும், அந்த முறை நம் தெருவிலும் மின்கட்டணத்திலும் ஏற்படுத்தும் விளைவுக்கும் செல்கிறது.

தொடங்கும் முன் ஒரு சிறு குறிப்பு. மும்பைக்கு 'பெஸ்ட்' இருப்பதைப்போலச் சென்னைக்கென்று தனி நகர மின்நிறுவனம் இன்று இல்லை. 1947 வரை நகருக்கு மின்சாரம் தந்தது மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம். அதை அரசு எடுத்துக்கொண்டது. 1957-இல் மின்வாரியம் அமைந்தது. 2010-இல் வாரியம் பிரிக்கப்பட்டு, மின் உற்பத்தியையும் பகிர்மானத்தையும் பார்க்கும் 'டான்ஜெட்கோ' வந்தது. 2024-இல் அதுவும் பிரிக்கப்பட்டு, பகிர்மான வேலை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் வந்திருக்கிறது. ஆகவே சென்னைக்கான மின்மாற்றி, மாநிலம் முழுமைக்குமான டெண்டர் ஒன்றின் பகுதியாகவே வாங்கப்படுகிறது. வயல்வெளியில் பம்புசெட்டுகளுக்காக நிற்கும் மின்மாற்றியும் தி.நகரில் நிற்கும் மின்மாற்றியும் ஒரே கொள்முதல் விதிகளுக்குள் அடங்குகின்றன என்பதைப் பின்வரும் பகுதிகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தெருவில் நிற்கும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

மின்சாரம் தொலைவிலிருந்து 400, 230 கிலோவோல்ட் அழுத்தங்களில் நகரின் விளிம்பை அடைகிறது. துணை மின்நிலையங்களில் அது 110 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 11 கிலோவோல்ட் பீடர்களாக, அதாவது பல மின்மாற்றிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடங்களாக, தெருக்களுக்குள் வருகிறது. இந்த 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைப்பதுதான் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவிலோ, கம்பி வேலிக்குள் மேடையின் மீதோ நிற்கும் பகிர்மான மின்மாற்றியின் வேலை. 433 வோல்ட் என்பது மூன்று முனைகளுக்கு இடையிலான அளவு. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் அது 250 வோல்ட்; கம்பிகளில் இழந்தது போக வீட்டுக்கு 230, 240 என்று வந்து சேர வேண்டும்.

ஏன் வீட்டுக்கு அருகில் வரை 11 கிலோவோல்ட் வர வேண்டும்? மின்மாற்றியின் கொள்ளளவைக் கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) என்ற அலகில் சொல்வார்கள். ஒரு 100 கேவிஏ மின்மாற்றி முழுச் சுமையில் இயங்கும்போது, அதன் உயரழுத்தப் பக்கத்தில் ஓடும் மின்னோட்டம் 5 ஆம்பியருக்குச் சற்று அதிகம். தாழ்வழுத்தப் பக்கத்தில் 133 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 25 மடங்கு. கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்போ மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. ஒரே தடிமன், ஒரே நீளம் கொண்ட கம்பி என்றால், அதே மின்சாரத்தை 433 வோல்ட்டில் கடத்துவதற்கு 11 கிலோவோல்ட்டில் ஆகும் இழப்பைப்போல் 600 மடங்குக்கும் மேல் ஆகும். தாழ்வழுத்தக் கம்பி நீள நீள இழப்பும் மின்னழுத்தச் சரிவும் கூடும். புதிய மின்மாற்றி ஒன்றை நடுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: அது வீடுகளுக்கு அருகில் நின்று தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். பழைய 250 கேவிஏ நின்ற அதே இடத்தில் 500 கேவிஏ நட்டு, பழைய கம்பிகளையே விட்டுவைத்தால், மின்மாற்றி எரிவது நிற்கும். கடைசி வீட்டின் குறைந்த மின்னழுத்தம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். "புதுசு வெச்சும் ஃபேன் மெதுவாத்தான் சுத்துது" என்ற புகாருக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இது.

இரண்டு வகை இழப்பு

மின்மாற்றியில் இயங்கும் பாகம் எதுவும் இல்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகம் ஒன்று, அதன்மேல் சுற்றிய இரண்டு தொகுதிக் கம்பிச் சுருள்கள், குளிர்விக்கவும் மின்காப்புக்குமாக எண்ணெய், இவ்வளவுதான். ஆனாலும் அது ஒவ்வொரு நொடியும் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

1. இரும்பு இழப்பு. மின்னிணைப்பு கொடுத்த கணத்திலிருந்து, ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும், உள்ளகத்தைக் காந்தமாக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் வருவது. இரவு பகல் பேதமின்றி ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் தொடரும்.

2. சுமை இழப்பு. சுருள் கம்பியில் மின்னோட்டம் ஓடுவதால் வருவது. பொறியாளர்கள் இதைத் தாமிர இழப்பு என்பார்கள். மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். பாதிச் சுமையில் முழு இழப்பின் கால் பங்கு. 20 விழுக்காடு மிகைச் சுமையில் 1.44 மடங்கு.

எண்ணிக்கையில் பார்த்தால் இது விளங்கும். 1989-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப்படி 100 கேவிஏ மின்மாற்றி ஒன்றுக்கு இரும்பு இழப்பு 260 வாட், முழுச் சுமை இழப்பு 1,760 வாட் வரை இருக்கலாம். பாதிச் சுமையில் மொத்தம் 700 வாட். ஐ.எஸ். 1180 என்ற அந்தத் தரநிலை 2014-இல் திருத்தப்பட்டபோது மூன்று ஆற்றல் நிலைகள் வகுக்கப்பட்டன. அதே 100 கேவிஏ மின்மாற்றி பாதிச் சுமையில் முதல் நிலையில் 520 வாட்டுக்கும், இரண்டாம் நிலையில் 475 வாட்டுக்கும், மூன்றாம் நிலையில் 435 வாட்டுக்கும் மேல் இழக்கக் கூடாது. பழைய வகைக்கும் இரண்டாம் நிலைக்கும் உள்ள வேறுபாடு 225 வாட், ஒரு பழைய பாணி கூரை விசிறிக்கு மூன்று மடங்குதான். ஆனால் ஆண்டு முழுவதும் பாதிச் சுமை என்று கொண்டால் அது 1,971 யூனிட் ஆகிறது. மின்மாற்றியின் ஆயுள் 25 ஆண்டு என்றால் 49,000 யூனிட்டைத் தாண்டுகிறது. இது ஒரே ஒரு 100 கேவிஏ மின்மாற்றியின் கணக்கு. மாநிலம் முழுவதும் நிற்பவை லட்சக்கணக்கில்.

கோடை இரவு ஏன் ஆபத்தானது?

மின்மாற்றி எரிவது பெரும்பாலும் திடீர் நிகழ்வாகத் தோன்றினாலும் மெதுவாகச் சேர்ந்துவரும் முதுமையின் முடிவு அது. சுருள்களைச் சுற்றியுள்ள மின்காப்பு, காகிதம். வெப்பம் ஏற ஏறக் காகிதம் முறுகித் தன் வலுவை இழக்கிறது. சாதாரணக் காகிதம் கொண்ட மின்மாற்றியில், சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் முதுமை இயல்பான வேகத்தில் செல்லும் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்த வேகம் இரட்டிக்கும் என்றும் சர்வதேசத் தரநிலை கணக்கிடுகிறது. அப்படியானால் 122 டிகிரியில் வேகம் 16 மடங்கு. அந்தச் சூட்டில் ஆறு மணி நேரம் ஓடிய மின்மாற்றி அந்த ஓர் இரவிலேயே நான்கு நாள் ஆயுளைச் செலவழித்துவிடுகிறது.

சென்னையில் இந்தச் சூட்டைத் தருவது குளிர்சாதனங்கள். பகலில் ஏறிய எண்ணெயின் சூடு இரவில் இறங்கி, உள்ளே இருப்பவை ஓய்வெடுக்கும் என்பது பழைய வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. இப்போது வீட்டு ஏசிகள் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடுகின்றன. மே மாதத்தில் காற்றும் இரவில் சூடாகவே இருக்கிறது. ஓய்வு வேளை காணாமல் போய்விட்டது. ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும். தனி வீடு இருந்த மனையில் அடுக்குமாடி எழுந்து, நான்கு இணைப்பு இருந்த இடத்தில் பதினாறு வரும்போது, வீட்டுக்கு இரண்டு ஏசி என்றாலும் அந்த ஒரே மனை 48 கிலோவாட் கேட்கும். இது ஒரு தெருவில் நாலைந்து மனைகளில் நடந்தால் அங்குள்ள 250 கேவிஏ மின்மாற்றி திணறுகிறது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. அந்த அளவு மின்சாரத்தைத் திரட்ட முடிந்தபோதும், தெருமுனைப் பெட்டி வழியாக அதை வீட்டுக்குள் அனுப்ப முடியாமல் போகும் இடங்கள் உண்டு. இரவு மின்தடைக்கு "மாநிலத்தில் மின்பற்றாக்குறையே இல்லை" என்று பதில் வரும்போது அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு உரிய பதில் அது இல்லை, அவ்வளவே.

அடுத்து வருபவை இன்னும் பெரிய சுமைகள். மின்சார காருக்கான வீட்டு மின்னேற்றி 3.3 கிலோவாட்டிலிருந்து 7.4 கிலோவாட் வரை, மணிக்கணக்கில், பெரும்பாலும் அதே இரவு வேளையில் இழுக்கும். கூரைச் சூரியத் தகடுகளோ நேரெதிர்: பகலில் அவை மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால் தெருவின் மின்னழுத்தம் உயர்கிறது. பெரும்பாலான பகிர்மான மின்மாற்றிகளில் மின்னழுத்த விகிதத்தை மாற்றும் திருகு, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் மாற்றுவது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அதை மாற்றிக்கொண்டிருக்க இயலாது.

வாங்கும்போது எதைத் தேர்வுசெய்கிறார்கள்?

மின்மாற்றி என்று ஒரே சொல்லில் சொன்னாலும், டெண்டர் ஆவணத்தின் தொழில்நுட்பப் பகுதியில் எழுதப்படும் சில வரிகள் அதன் விலையையும் நடத்தையையும் முற்றிலும் மாற்றிவிடும்.

1. உள்ளகத்தின் உலோகம். வழக்கமானது, காந்தத் துகள்கள் ஒரே திசையில் அமையும்படி உருட்டப்பட்ட சிலிக்கான் எஃகு, துறையில் சி.ஆர்.ஜி.ஓ. என்பார்கள். தகட்டின் தடிமன் பொதுவாக 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர். இன்னொன்று படிக அமைப்பு இல்லாத அமார்ஃபஸ் உலோகம், சுமார் 0.025 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாடா. இது இரும்பு இழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும். ஆனால் உள்ளகம் பெரிதாகும், விலை கூடும், நாடா நொறுங்கும் தன்மை கொண்டது. எப்போதும் குறைந்த சுமையில் நிற்கும் மின்மாற்றிக்கு அமார்ஃபஸ் மிகுந்த இலாபம். சென்னை நகரின் நடுவில் எந்நேரமும் சுமை தாங்கி நிற்பதற்கு அந்த இலாபம் அவ்வளவு இல்லை, அங்கே சுமை இழப்புதான் பெரிது.

2. சுருளின் உலோகம். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் தாமிரத்தினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆகவே அதே வேலைக்குத் தடித்த கம்பி வேண்டும், பெட்டி பெரிதாகும். விலை மிகக் குறைவு என்பதால் சிறிய மின்மாற்றிகளில் அலுமினியமும், பெரியவற்றில் தாமிரமும் வழக்கம். விலைகளை ஒப்பிடுவோர் அடிக்கடி கவனிக்கத் தவறும் வரி இது.

3. எண்ணெய். கனிம எண்ணெய் மலிவு, எளிதில் தீப்பிடிக்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படும் எஸ்டர் திரவத்தின் தீப்பற்று வெப்பநிலை 300 டிகிரிக்கும் மேல். நெரிசலான சந்தைத் தெருவுக்கும் மருத்துவமனை வளாகத்துக்கும் அது தரும் பாதுகாப்பைப் பணமாக மட்டும் அளவிட முடியாது. கட்டடத்துக்குள் வைப்பதற்கு எண்ணெயே இல்லாத உலர் வகையும் உண்டு.

4. சோதனைச் சான்று. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சுருள்கள் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும் விசை மிகப் பெரியது. அதைத் தாங்குகிறதா என்பதை மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு, போபால் கூடங்களில் சோதிப்பது வழக்கம். சோதனைக்கு அனுப்பிய ஒன்று தேறிவிடும். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் வந்திறங்குபவை அதே தகடு, அதே கம்பித் தடிமனுடன் இருக்கின்றனவா என்பதைக் கிடங்கில் எடுக்கும் மாதிரிச் சோதனைதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் கழித்துக் கட்டிய மின்மாற்றிகளின் தகடுகளை வெட்டி மீண்டும் பயன்படுத்துவது இத்துறையின் நெடுநாள் புகார். தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டெண்டரில் 'குறைந்த விலை' என்றால் என்ன?

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஆள்கிறது. தகுதிபெற்றவர்களில் மதிப்பீட்டின்படி மிகக் குறைந்த விலை கேட்டவரே முதலிடம். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால் அவரிடம் மட்டுமே பேசலாம். துறையில் அவரை 'எல் ஒன்' என்பார்கள். தேவையான எண்ணிக்கை ஒரே நிறுவனத்தால் செய்து முடிக்க இயலாததாக இருக்கும்போது, அந்த விலைக்கே ஒப்புக்கொள்ளும் மற்றவர்களுக்கும் எண்ணிக்கை பிரித்துத் தரப்படுகிறது.

இங்கே முக்கியமான சொல் 'மதிப்பீடு'. கேட்ட விலையை மட்டும் மதிப்பிடுவதா, ஆயுள் முழுவதும் அந்த மின்மாற்றி இழக்கப்போகும் மின்சாரத்தின் விலையையும் சேர்த்து மதிப்பிடுவதா? இரண்டாவது முறைக்கு இழப்பை முதலாக்கிக் கணக்கிடுதல் என்று பெயர். ஒரு வாட் இரும்பு இழப்புக்கும் ஒரு வாட் சுமை இழப்புக்கும் இன்றைய மதிப்பில் இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே அறிவித்து, அதை விலையோடு கூட்டி வரிசைப்படுத்துவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. மின்சாரம் யூனிட்டுக்கு 6 ரூபாய், ஆயுள் 25 ஆண்டு, வட்டி 10 விழுக்காடு. ஒரு வாட் இரும்பு இழப்பு ஆண்டுக்கு 8.76 யூனிட், அதாவது 52 ரூபாய் 56 காசு. 25 ஆண்டுக்கான இன்றைய மதிப்பு ஏறத்தாழ 477 ரூபாய். உச்ச வேளையில் முழுக் கொள்ளளவும் சராசரியில் பாதியும் சுமை இருந்தால், சுமை இழப்பின் சராசரி அதன் உச்சத்தில் சுமார் 30 விழுக்காடு என்பது வழக்கமான சூத்திரம். ஆக ஒரு வாட் சுமை இழப்புக்கு 143 ரூபாய்.

இப்போது இரண்டு நிறுவனங்கள் 100 கேவிஏ மின்மாற்றிக்கு விலை கேட்கின்றன.

1. முதல் நிறுவனம் கேட்பது 2,00,000 ரூபாய். இரும்பு இழப்பு 200 வாட், சுமை இழப்பு 1,280 வாட். இழப்பின் மதிப்பு 95,400 உடன் 1,83,040. மொத்தம் 4,78,440 ரூபாய்.

2. இரண்டாம் நிறுவனம் கேட்பது 2,30,000 ரூபாய். இரும்பு இழப்பு 100 வாட், சுமை இழப்பு 1,200 வாட். இழப்பின் மதிப்பு 47,700 உடன் 1,71,600. மொத்தம் 4,49,300 ரூபாய்.

விலையை மட்டும் பார்த்தால் முதல் நிறுவனம் 30,000 ரூபாய் மலிவு. மொத்தச் செலவில் இரண்டாம் நிறுவனம் 29,140 ரூபாய் மலிவு. கொள்முதல் விலை மொத்தச் செலவில் முதல் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 42 விழுக்காடும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 51 விழுக்காடும்தான் என்பதையும் காணலாம்.

தரநிலையில் உச்ச வரம்பு இருக்கும்போது இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வரம்பு மிக மோசமானவற்றை வெளியேற்றியது. அது பெரிய நன்மை. ஆனால் வரம்புக்குள் வந்த அனைவரையும் சமமாகப் பாவித்து விலையை மட்டும் பார்க்கும் டெண்டரில், வரம்பைவிடக் குறைவாக இழக்கும் மின்மாற்றியைச் செய்யத் தெரிந்தவருக்கு அதைச் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. அவர் தகட்டின் தரத்தை வரம்பு வரை இறக்கி விலையைக் குறைத்தாக வேண்டும், இல்லையேல் தோற்பார். வரம்பே நடைமுறையில் இலக்காகிவிடுகிறது. பெரிய துணை மின்நிலைய மின்மாற்றிகளில் இழப்பை முதலாக்கும் முறை பழகிப்போன ஒன்று. எண்ணிக்கையில் மிகுந்த தெருமுனை மின்மாற்றிகளில்தான் அதற்கான தேவை கூடுதல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஒரே விலை கேட்பது பற்றிய சர்ச்சை

2021 முதல் 2023 வரை தமிழகத்தில் 45,800 மின்மாற்றிகள் வாங்கப்பட்டதில் பல நிறுவனங்கள் ஒரே விலையைக் கேட்டன என்றும், அரசுக்கு 397 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது என்றும் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2023 ஜூலையில் புகார் எழுப்பியது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. புகாரின் கணக்குப்படி மின்மாற்றி ஒன்றுக்கான இழப்பு சராசரியாக 87,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. குற்றம் நடந்ததா என்பதை முடிவுசெய்யும் இடம் நீதிமன்றமே. இந்தச் செய்திகளில் வரும் விலை ஒப்பீடுகளை எப்படிப் படிப்பது என்பதே நமக்குத் தேவையானது.

போட்டி உண்மையாக நடந்தால், இருபது தொழிற்சாலைகளின் செலவு கடைசி ரூபாய் வரை ஒன்றாக அமைவது இயல்பானதல்ல. மூலப்பொருள் விலை அனைவருக்கும் பொது என்பது விலைகள் நெருங்கி வருவதை விளக்கும். அச்சாக ஒன்றாக இருப்பதை விளக்காது. அதே வேளை, தொடக்க விலை ஒன்றாக இருப்பதும், எல் ஒன் விலைக்குப் பிறர் ஒப்புக்கொண்ட பின் இறுதி ஆணைகளில் விலை ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. பின்னது சட்டம் அனுமதிக்கும் நடைமுறை. செய்தியில் எந்தக் கட்டத்து விலை சொல்லப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அண்டை மாநிலம் குறைந்த விலைக்கு வாங்கியது என்ற ஒப்பீட்டிலும் கொள்ளளவு, ஆற்றல் நிலை, சுருள் உலோகம், வரி சேர்ந்த விலையா, கிடங்கு வரை கொண்டுவந்து இறக்கும் செலவு உட்பட்டதா, உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு என்பவை ஒத்திருக்க வேண்டும். கூடவே, மாதமும் ஒத்திருக்க வேண்டும். தாமிரம், அலுமினியம், எஃகு, எண்ணெய் ஆகியவற்றின் விலை மாதந்தோறும் மாறுவதால், மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான 'ஐமா' வெளியிடும் மாதாந்தரக் குறியீடுகளைக் கொண்டு விலையைத் திருத்தும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. இத்தனையையும் சமப்படுத்திய பிறகும் பெரிய இடைவெளி எஞ்சினால், அந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு வாங்கியவருடையது.

பணம் இருந்தாலும் ஏன் உடனே கிடைப்பதில்லை?

சி.ஆர்.ஜி.ஓ. எஃகைச் செய்யும் ஆலைகள் உலகிலேயே சில. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. நாசிக்கில் இருந்த தைசன்குரூப்பின் மின் எஃகு ஆலையை ஜே.எஸ்.டபிள்யூ.வும் ஜப்பானின் ஜே.எஃப்.இ.யும் கூட்டாக வாங்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தன.

அமெரிக்காவின் நிலை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அங்கே நகராட்சிகளே நடத்தும் மின்நிறுவனங்கள் ஏராளம். கொரோனாவுக்குப் பிறகு அவை ஒரு பகிர்மான மின்மாற்றிக்கு மாதக்கணக்கில் அல்ல, சில வகைகளுக்கு இரண்டு ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. புதிய வீடுகள் கட்டி முடிந்தும் மின்னிணைப்பு தர முடியாத நிலை வந்தது. அந்நாட்டில் 6 கோடி முதல் 8 கோடி வரை பகிர்மான மின்மாற்றிகள் இருப்பதாகத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் மதிப்பிட்டது. இழப்பைக் குறைக்க ஏறத்தாழ எல்லா மின்மாற்றிகளையும் அமார்ஃபஸ் உலோகத்துக்கு மாற்றும் விதியை எரிசக்தித் துறை 2022 இறுதியில் முன்மொழிந்தபோது, தட்டுப்பாட்டு நேரத்தில் உலோகத்தையே மாற்றச் சொன்னால் உற்பத்தி நின்றுவிடும் என்று மின்நிறுவனங்கள் எதிர்த்தன. 2024 ஏப்ரலில் வந்த இறுதி விதி பெரும்பாலான வகைகளைச் சிலிக்கான் எஃகிலேயே செய்ய இடம் தந்து, ஐந்து ஆண்டு அவகாசமும் கொடுத்தது. சிக்கனமான மின்மாற்றியும் உடனே கிடைக்கும் மின்மாற்றியும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்த இழுபறி காட்டியது. கோடை தொடங்கிய பிறகு அவசரமாக வாங்குபவர், விலையைப் பேசும் இடத்திலும் இல்லை, தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் இல்லை.

மின்மாற்றியைச் சுற்றி இருப்பவை

நவீனமாக்கல் என்ற பெயரில் மின்மாற்றி எண்ணிக்கை மட்டும் அறிவிக்கப்படும்போது விடுபடுபவை சில உண்டு.

1. வளையச் சுற்று இணைப்பான். 'ஆர்.எம்.யூ.' என்று ஊழியர்கள் சொல்லும் இந்தப் பெட்டி, நிலத்தடிக் கேபிள்களை ஒரு வளையமாக இணைக்கிறது. ஓரிடத்தில் கேபிள் பழுதானால் அந்தத் துண்டை மட்டும் இருபுறமும் வெட்டிவிட்டு, மற்ற மின்மாற்றிகளுக்கு வளையத்தின் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் தரலாம். இதைத் தொலைவிலிருந்து இயக்க முடிந்தால் மணிக்கணக்கான தடை நிமிடங்களாகும். வளையம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மின்மாற்றி வைத்தாலும் பழுது தேடி முடியும்வரை இருட்டுதான்.

2. மின்மாற்றிக்கே ஒரு மீட்டர். எந்த மின்மாற்றி எந்த இரவில் எத்தனை விழுக்காடு சுமை தாங்கியது என்ற பதிவு இல்லாமல், எங்கே புதிது வைப்பது என்பது புகார்களின் எண்ணிக்கையையும் உள்ளூர் அழுத்தத்தையும் பொறுத்ததாகிறது. 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் சீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டம் இத்தகைய மீட்டர்களுக்கு நிதி வைத்தது. இதில் போடும் பணம் மின்மாற்றியில் போடும் பணத்தைவிடச் சிறிது. அந்தப் பெரிய பணம் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லக்கூடியது.

3. உயரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கு, சாதனங்கள் பழுதானது மட்டும் காரணமில்லை. தேங்கிய நீரில் மின்கசிவு ஏற்படும் அச்சமும் காரணம். தரைமட்டத்தில் நிற்கும் பில்லர் பெட்டிகளையும் (வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோரப் பெட்டிகள்) இணைப்பான்களையும் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது கட்டுமான வேலை. மின்மாற்றி டெண்டரில் அது வராது.

கட்டணத்தில் எங்கே தெரியும்?

மின்மாற்றியின் விலை ஒரே ஆண்டில் நுகர்வோரிடம் வசூலிக்கப்படுவதில்லை. தேய்மானமும் கடன் வட்டியுமாகப் பல ஆண்டுகளுக்குப் பரவி, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கும் செலவில் சேர்கிறது. அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும், கேள்வி கேட்கலாம். இழப்பின் செலவோ மின்கொள்முதல் செலவுக்குள் கரைந்துவிடுகிறது: நூறு யூனிட் விற்க எத்தனை யூனிட் வாங்க வேண்டியிருந்தது என்ற விகிதமாக மட்டுமே அது அறிக்கையில் வரும். எந்த ஆண்டில் வாங்கிய எந்த மின்மாற்றி அதில் எவ்வளவு தின்றது என்பதைப் பிரித்தறிய அங்கே வழியில்லை. வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் உறுதியளித்த இழப்பளவுகளும், கிடங்கில் எடுத்த மாதிரிச் சோதனையின் முடிவுகளும், உறுதியை மீறினால் பிடித்தம் செய்த தொகையும் கொள்முதல் ஆணையுடன் பொதுவெளியில் வைக்கப்பட்டால், 25 ஆண்டுக் கணக்கை முதல் நாளிலேயே யாரும் போட்டுப் பார்த்துவிடலாம். விலைப்பட்டியலைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்வோர் அந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பது பயனளிக்கும்.